கல்லூரிப் பிள்ளைகளும் கொடுக்கல் வாங்கல் நேர்மையும்



கல்வி உதவித்தொகைக்காக எங்கள் அலுவலகத்துக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளிடம், படிவத்தை வாங்கி வைத்த பிறகு சற்று நேரம் உட்கார்ந்து பேசுவது எங்கள் வழக்கம். பி.காம்., பி.பி.ஏ. படிப்பவர்கள்தான் அவர்களில் அதிகம். வணிக நெறிமுறை என்றால் என்ன என்று கேட்டால், பாடத்தில் உள்ளபடி பிழையில்லாமல் சொல்கிறார்கள். நுகர்வோரை ஏமாற்றக்கூடாது, கலப்படம் கூடாது, கணக்கை மறைக்கக்கூடாது என்று வரிசையாக வரும். பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிற 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப் பிரிவு வரைக்கும் சொல்லும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு இன்னொன்று கேட்போம். "தெரிந்த பையன் ஒருத்தன் வந்து, உன் வங்கிக் கணக்கை ஒரு மாசத்துக்குக் கொடு, ஐயாயிரம் தர்றேன் என்கிறான். கொடுப்பியா?" இதற்குப் பதில் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. வரும்போது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கிறது. கணக்குல ஒண்ணுமே இல்லையே, கொடுத்தா என்ன? நான் யார் காசையும் எடுக்கலையே. இப்ப எல்லாரும்தான் செய்றாங்க.

இப்படிச் சொல்லும் பிள்ளைகள் கெட்ட பிள்ளைகள் அல்லர். மளிகைக் கடையில் பத்து ரூபாய் மீதி கூடுதலாக வந்துவிட்டால் திரும்பிப்போய்க் கொடுத்துவிட்டு வருகிற பிள்ளைகள்தான். ஆனால் வியாபாரம் என்கிற சொல் அவர்கள் மனத்தில் கடை வைத்திருப்பவரோடும் கம்பெனி நடத்துபவரோடும் நின்றுவிடுகிறது. தாங்கள் கையில் வைத்திருக்கும் கைப்பேசியும் ஒரு கல்லாப்பெட்டிதான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தேர்வுக்குப் படித்த நெறிமுறை ஒரு பக்கம் இருக்கிறது. அன்றாடம் செய்கிற கொடுக்கல் வாங்கல் வேறொரு பக்கம் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

இன்று படிக்கும்போதே கொஞ்சம் சம்பாதிக்காத பிள்ளைகள் குறைவு. அதில் தவறு ஒன்றும் இல்லை. நாம் மகிழவேண்டிய செய்தி அது. மயிலாடுதுறை, நீடூர், சீர்காழி, ஆக்கூர், தேரிழந்தூர் என்று எங்கே பார்த்தாலும் வாட்ஸ்அப்பில் அபாயாவும் ஷாலும் விற்கும் மாணவிகள் இருக்கிறார்கள். நன்றாகச் செய்கிறார்கள். ஆனால் சூரத்திலிருந்து மொத்த வியாபாரி அனுப்பிய படத்தைப் போட்டு, துணியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் 'நல்ல தரம்' என்று எழுதுவதும், நிறம் மாறி வந்தால் 'திரும்பப் பெறமாட்டோம்' என்று ஒரே வரியில் முடிப்பதும் சரியா என்று கேட்டால், அதெல்லாம் ஆன்லைனில் சகஜம் என்கிறார்கள். ஒரு கடைக்குப் போகாமலே ஐந்து நட்சத்திரம் போட்டு ஐம்பது ரூபாய் வாங்குவதும் அப்படித்தான். இணையத்தில் வரும் விமர்சனங்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் ஒரு தரநிலை வெளியிட வேண்டி வந்தது என்றால், இந்த ஐம்பது ரூபாய்கள் எத்தனை பேர் கைக்குப் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். யாரோ ஒருவர் அந்த நட்சத்திரத்தை நம்பித்தான் பணம் கட்டுகிறார்.

இவையெல்லாம் பேசித் திருத்தக்கூடியவை. வங்கிக் கணக்கு விஷயம் அப்படி இல்லை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கணக்கை வாடகைக்குக் கேட்பவர்கள்

பிறருடைய மோசடிப் பணம் வந்து போவதற்காகப் பயன்படும் கணக்கைக் காவல்துறையும் வங்கிகளும் 'மியூல் அக்கவுண்ட்' என்று அழைக்கின்றன. மியூல் என்றால் கோவேறு கழுதை. முதுகில் இருப்பது யாருடைய சுமை என்று தெரியாமலே சுமக்கும் பிராணி.

அது நடக்கும் விதம் இது. வேறு ஏதோ ஒரு மாநிலத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு வீடியோ அழைப்பு வருகிறது. திரையில் போலீஸ் சீருடை. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்களை 'டிஜிட்டல் கைது' செய்திருக்கிறோம், அறையை விட்டு வெளியே வரக்கூடாது, யாரிடமும் பேசக்கூடாது என்று மிரட்டுகிறார்கள். (டிஜிட்டல் கைது என்று நம் நாட்டுச் சட்டத்தில் ஒன்றும் கிடையாது. வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு இதை இன்றைக்கே சொல்லி வையுங்கள்.) அவர் பயந்துபோய் வைப்புநிதியை உடைத்து, அவர்கள் சொன்ன கணக்குக்கு அனுப்புகிறார். அந்தக் கணக்கு மிரட்டியவனுடையது அல்ல. நம்முடையதைப் போன்ற ஓர் ஊரில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பையனுடையது.

பணம் அங்கே சில நிமிடங்கள்தான் தங்கும். அங்கிருந்து பத்துக் கணக்குகளுக்குப் பிரியும்; அந்தப் பத்திலிருந்து இன்னும் பலவற்றுக்கு. யாரோ ஒருவர் ஏடிஎம்மில் எடுப்பார், யாரோ ஒருவர் காசோலை போட்டு எடுப்பார், மீதி கிரிப்டோவாக மாறி நாட்டை விட்டே போய்விடும். ஆசிரியர் சுதாரித்து 1930 என்ற உதவி எண்ணுக்குப் புகார் சொல்லும்போது, காவல்துறை முதலில் கேட்பது பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்பதைத்தான். வங்கி கொடுக்கும் முதல் பெயர் அந்தப் பையனுடையது. ஆதார், பான், புகைப்படம், தெருப் பெயர், கதவு எண் எல்லாம் உண்மையானவை. மோசடி செய்தவனுக்குப் பெயரும் இல்லை, முகமும் இல்லை. பையனுக்கு இரண்டும் உண்டு.

கணக்கு கேட்டு வருபவன் முன்பின் தெரியாதவனாக இருந்தால் நம் பிள்ளைகள் உஷாராகிவிடுவார்கள். அவன் பெரும்பாலும் தெரிந்தவனாகவே இருக்கிறான். கல்லூரியில் ஓராண்டு மூத்தவன், விடுதியில் பக்கத்து அறை, பழைய பள்ளிக்கூட நண்பன். அவனுக்கும் தலைக்கு இவ்வளவு என்று ஒருவன் கொடுக்கிறான். சொல்லும் காரணங்களும் நம்பும்படி இருக்கும். கம்பெனிக்கு வரி பிரச்சினை, அதனால் பணத்தைப் பிரித்துப் போடுகிறோம் என்பார்கள். ஆன்லைன் விளையாட்டில் ஜெயித்த பணம் என்பார்கள். வாங்கிக்கொள்வது பாஸ்புக், ஏடிஎம் அட்டை, கையெழுத்துப் போட்ட காசோலைகள், இணைய வங்கியின் கடவுச்சொல். எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கோடு இணைத்த சிம். சிம் கைமாறிவிட்டால் ஓடிபி அவர்களுக்கே போகும்; கணக்கில் என்ன நடக்கிறது என்று பையனுக்கு ஒரு குறுஞ்செய்திகூட வராது. சில இடங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், பையன் பெயரிலேயே இல்லாத ஒரு கடைக்கு உத்யம் பதிவு எடுத்து, நடப்புக் கணக்கு தொடங்க வைக்கிறார்கள். சேமிப்புக் கணக்கைவிட அதில் பெரிய தொகை புழங்கலாம் என்பதுதான் காரணம். பத்தொன்பது வயதில் தான் ஒரு 'புரொப்ரைட்டர்' ஆகிவிட்டோம் என்று பையனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

கணக்குல ஒண்ணுமே இல்லையே என்ற பதிலுக்கு இப்போது வருவோம். அவர்கள் வாடகைக்கு எடுப்பது கணக்கில் உள்ள பணத்தை அல்ல. பையனின் பெயரை. அவன் அத்தாவின் பெயரை. வங்கி மேலாளர் முகவரியைப் பார்த்து, தெரிந்த குடும்பத்துப் பிள்ளை என்று நம்பிக் கையெழுத்திட்ட அந்த நம்பிக்கையை. காலியாக இருக்கும் கணக்குதான் அவர்களுக்கு வசதியும்கூட.

இத்தகைய கணக்குகளைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் 'மியூல்ஹண்டர்' என்ற கணினி முறையை உருவாக்கியிருக்கிறது; 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கியே இதை அறிவித்தது. மாதம் இரண்டாயிரம் மூவாயிரம் உதவித்தொகை மட்டும் வந்துகொண்டிருந்த ஒரு மாணவனின் கணக்கில் ஒரே மதியத்தில் எட்டு லட்சம் வந்து எட்டு லட்சமும் போனால், அதைக் கண்டுபிடிக்கப் பெரிய புத்திசாலித்தனம் வேண்டியதில்லை. கணக்கு முடங்கும். முடங்கும்போது அதில் இருக்கும் உதவித்தொகையும் சேர்ந்து முடங்கும்.

மோசடி என்று தெரிந்தே கொடுத்தாரா, ஏமாந்து கொடுத்தாரா என்பதை விசாரணைதான் முடிவு செய்யும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில், ஏமாற்றிச் சொத்துப் பறித்த குற்றத்துக்கு ஏழாண்டுகள் வரை சிறை உண்டு. பழைய 420க்குப் பதிலாக வந்தது இது. குற்றம் நிரூபணம் ஆகாமலே போகலாம். ஆனால் நம் ஊர்க் குடும்பங்களுக்கு அதற்கு முன்பே இன்னொரு கவலை இருக்கிறது.

டெல்டாவில் நம் வீடுகளில் ஒருவராவது சபராளியாக இல்லாத வீடு எத்தனை? பையன் படித்து முடித்ததும் சிங்கப்பூரோ, துபாயோ, குவைத்தோ என்பதுதான் பல வீடுகளின் கணக்கு. நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்க 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தில் இடம் இருக்கிறது. நீதிமன்ற அனுமதி பெற்று வாங்கலாம் என்றாலும், அதற்கு வக்கீல், வாய்தா, அலைச்சல். குவைத் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவரிடம் காவல்துறைச் சான்றும் கேட்கிறார்கள். புகார் கொடுத்தவர் இருப்பது தெலங்கானாவிலோ குஜராத்திலோ என்றால், வழக்கும் அங்கேதான். ஐயாயிரம் ரூபாய்க்குக் கொடுத்த கணக்குக்காக ஐதராபாத்துக்கு ரயில் ஏற வேண்டியிருக்கும்.

இந்த மோசடியின் மறுமுனையிலும் நம் தமிழ்ப் பிள்ளைகள் சிக்கியிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். டேட்டா என்ட்ரி வேலை என்று தாய்லாந்துக்குக் கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மரிலும் கம்போடியாவிலும் அடைத்து வைத்து, பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்ய வைத்தார்கள். 2022 அக்டோபரில் மியான்மரிலிருந்து மீட்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் சென்னை வந்து இறங்கியது செய்தித்தாள்களில் வந்தது. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, மறுத்தவர்களை அடித்தார்கள் என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள்.

ஆள் சேர்ப்பது வியாபாரமா?

இரண்டாவதாக எங்களிடம் பிள்ளைகள் கேட்பது சங்கிலித் தொடர் திட்டங்களைப் பற்றி. ஐந்து பேரைச் சேர்த்துவிட்டால் போதும், பிறகு தானாகப் பணம் வரும் என்கிறார்கள். இதில் என்ன தப்பு? பொருள் ஒன்றும் விற்கத்தானே செய்கிறார்கள்?

இதற்கு மார்க்க விளக்கத்துக்கு முன்பாகப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். ஒருவர் ஐந்து பேரைச் சேர்க்கிறார். அவர்கள் ஒவ்வொருவரும் ஐந்து பேர் சேர்த்தால் 25. அடுத்து 125, 625, 3,125, 15,625, 78,125. எட்டாவது படியில் 3,90,625 பேர். ஒன்பதாவது படிக்கு 19,53,125 பேர் வேண்டும். நம் மயிலாடுதுறை மாவட்டம் முழுவதும், 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி, கைக்குழந்தையையும் சேர்த்து சுமார் ஒன்பது லட்சம் பேர்தான். ஆக ஒன்பதாவது படியில் சேர்க்க ஆளே இல்லை. அதோடு இன்னொன்றையும் பாருங்கள். எந்தப் படியில் இந்தத் திட்டம் நின்றாலும், சேர்ந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்கு பேர் கடைசிப் படியில் நிற்பார்கள். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. அவர்கள் போட்ட பணம்தான் மேலே இருந்தவர்களுக்கு 'வருமானமாக' போயிருக்கிறது. இது திட்டத்தை யாரோ சரியாக நடத்தாததால் வரும் நஷ்டம் அல்ல. நல்லவர் நடத்தினாலும் இதுதான் விடை.

1978ஆம் ஆண்டிலேயே பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் வந்துவிட்டது. 2021 டிசம்பரில் நேரடி விற்பனை விதிகள் வந்தபோது, ஆள் சேர்ப்பதற்காகவே பணம் தரும் பிரமிடு முறை மறுபடியும் தெளிவாகத் தடுக்கப்பட்டது. ஆனால் ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாக ஒரு முதலாண்டு வகுப்பு வருகிறது. அவர்களுக்கு இது புதுச் செய்தி.

பெரியவர்கள் இதில் பிள்ளைகளைவிடத் தெளிவு என்று சொல்லிக்கொள்ள நமக்கு முகம் இல்லை. பெங்களூரு ஐ.எம்.ஏ. நிறுவனத்தை மறந்திருக்க மாட்டீர்கள். வட்டி இல்லை, ஹலால் முதலீடு, லாபத்தில் பங்கு என்று சொல்லி முஸ்லிம் குடும்பங்களிடம் பணம் திரட்டிய நிறுவனம் அது. அதன் நிறுவனர் 2019 ஜூனில் துபாய்க்குப் போனார். ஜூலையில் டில்லி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் புகார் கொடுத்தார்கள். மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்த நகைப் பணம், விதவைத் தாயின் வைப்புநிதி எல்லாம் அதில் போயின. கேள்வி கேட்காததற்குக் காரணம் பேராசை மட்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஹலால் என்ற சொல் முன்னால் நின்றதால், இந்தப் பணம் எந்த வியாபாரத்தில் எப்படிப் பெருகுகிறது என்று கேட்பதே மரியாதைக் குறைவு என்று பலர் கருதிவிட்டார்கள். கேட்பதுதான் ஹலாலின் முதல் நிபந்தனை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்தில் கும்பகோணத்தில், ஹெலிகாப்டர் வாங்கியதால் 'ஹெலிகாப்டர் சகோதரர்கள்' என்று பேசப்பட்ட இருவர், ஓராண்டில் பணம் இரட்டிப்பாகும் என்று சொல்லி வாங்கியதைத் திருப்பித் தரவில்லை என்ற புகாரில் 2021 ஆகஸ்டில் கைதானார்கள். நம் பிள்ளைகளில் பலருக்கு அந்தச் செய்தி தெரியும். ஹெலிகாப்டர்தான் அவர்கள் நினைவில் இருக்கிறது.

எல்லாரும் செய்றாங்க

மூன்று பதில்களில் இதுதான் கனமானது. வியாபாரம் படிக்கும் மாணவர்களின் நேர்மையைப் பற்றி வெளிநாடுகளில் நிறைய ஆய்வு செய்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 32 கல்வி நிலையங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முதுநிலை மாணவர்களிடம் டொனால்ட் மெக்கேப் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 2006இல் வெளியானது. முந்தைய ஓராண்டில் தேர்விலோ ஒப்படைப்பிலோ ஏதேனும் ஒரு வகையில் ஏமாற்றியதாக ஒப்புக்கொண்டவர்கள், மேலாண்மை மாணவர்களில் 56 விழுக்காடு. மற்றப் பாடங்களைப் படித்தவர்களில் 47 விழுக்காடு. நாளைக்கு நிறுவனங்களை நடத்தப் போகிறவர்கள் மற்றவர்களைவிட அதிகம் என்பது அங்கே பெரிய பேச்சானது.

எங்களுக்கு அந்த எண்ணிக்கையைவிட, அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி முக்கியமாகப் படுகிறது. ஒரு மாணவர் ஏமாற்றுவாரா மாட்டாரா என்பதோடு மிக நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது தண்டனைப் பயம் அல்ல, கல்லூரி விதிமுறைப் புத்தகமும் அல்ல. கூடப் படிக்கிறவர்கள் செய்கிறார்கள் என்ற எண்ணம்தான். அதாவது 'எல்லாரும் செய்றாங்க' என்பது வெறும் சாக்கு இல்லை, அதுவே காரணமாகிவிடுகிறது. கணக்கு கேட்டவனிடம் மாட்டேன் என்று சொன்ன பையன், அதை வெளியே சொல்வதில்லை. கூச்சம். கொடுத்தவன் புதுக் கைப்பேசியோடு வருவது மட்டும் வகுப்புக்கே தெரிகிறது. மறுத்தவர்கள் பத்துப் பேர் இருந்தாலும் கண்ணுக்குத் தெரிவது கொடுத்த ஒருவன்தான். ஆகவே மறுத்த பிள்ளைகள் அதை நண்பர்கள் குழுவில் உரக்கச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பெருமைக்காக அல்ல, கணக்கு சரியாகத் தெரிவதற்காக.

'எல்லாரும்' என்பதில் நம் வீடும் சேர்த்தி. பில் வேண்டாம் என்றால் விலை குறையும் என்று கடைக்காரர் சொல்ல, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சரி என்கிறோம். கடன்காரர் கூப்பிட்டால் கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுத்து, அத்தா ஊர்ல இல்லைன்னு சொல்லு என்கிறோம். கல்லூரி மூன்றாண்டில் சொல்லித் தரும் வணிக நெறிமுறையைவிட இந்த ஒரு வாக்கியம் ஆழமாகப் பதியும்.

ஈர நெல்

நெல் விளையும் ஊர்க்காரர்களான நமக்கு ஈரப்பதம் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்கமாட்டார்கள் என்பது விதி. குறுவை அறுவடை மழையில் மாட்டிக்கொள்ளும் ஆண்டுகளில் தளர்வு கேட்டுக் கோரிக்கை வைப்போம்; 2022 அக்டோபரில் 19 விழுக்காடு வரை வாங்க மத்திய அரசு அனுமதித்தது. நெல் நனைவது யாருடைய குற்றமும் இல்லை. மேலே காய்ந்ததைப் பரப்பி அடியில் நனைந்ததை வைப்பதுதான் குற்றம்.

மதீனாவின் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்ததும், விரல்களில் ஈரம் பட்டதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் வாங்குகிறவர் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள் அண்ணலார்; ஏமாற்றுகிறவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் கடுமையாகச் சொன்னார்கள். அளவையில் குறைவு செய்வோரைப் பற்றிக் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருப்பது நாம் அறிந்தது. ஆனால் கல்லூரிப் பிள்ளைகளிடம் பேசும்போது எங்களுக்கு அதிகம் பயன்படுவது இந்தத் தானியக் குவியல்தான். வாடகைக்குக் கொடுத்த கணக்கு அப்படிப்பட்ட ஒரு குவியல். மேலே ஒரு மாணவனின் பெயரும் படமும் காய்ந்து பளிச்சென்று இருக்கின்றன. கைவிட்டுப் பார்த்தால்தான் ஈரம் தெரியும்.

நான் எடுக்கலையே என்ற பதிலுக்கு இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களைப் பற்றிச் சொல்லப்படும் செய்தி பொருந்தும். கூஃபா நகரில் அவர்கள் பட்டுத் துணி வியாபாரி. பழுதுள்ள ஒரு துணியைக் கூட்டாளியிடம் கொடுத்து, விற்கும்போது குறையைச் சொல்லிவிடுங்கள் என்றார்கள். கூட்டாளி மறந்துபோய்ச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்றும் தெரியவில்லை. இமாம் அவர்கள் அந்த விற்பனையில் வந்த பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்களாம். விற்றது அவர்கள் அல்லர். ஆனால் துணி அவர்கள் கடையிலிருந்து போனது.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய நெறி என்று பிள்ளைகள் எண்ணிவிடக்கூடாது. நம் மாவட்டத்துப் பூம்புகாரில்தான் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகம் இருந்தது. அங்கிருந்த வணிகர்கள் வாங்கும்போது மிகுதியாக எடுக்காமலும் கொடுக்கும்போது குறைக்காமலும், பிறர் பொருளையும் தம் பொருளைப் போலவே மதித்தும் வாணிகம் செய்தார்கள் என்று பட்டினப்பாலை பேசுகிறது. நம் பிள்ளைகள் இதைத் தமிழ்ப் பாடத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார்கள். தமிழ்ப் பாடத்தில் இருப்பதும் வணிகப் பாடத்தில் இருப்பதும் மதரஸாவில் கேட்டதும் ஒரே விஷயம்தான் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

ஏற்கெனவே கொடுத்திருந்தால்

இதைப் படிக்கும் வீடுகளில் எங்கேனும் ஒரு பிள்ளை கணக்கைக் கொடுத்துவிட்டு, சொல்லப் பயந்துகொண்டு இருக்கலாம். பெற்றோர்களுக்கு எங்கள் முதல் வேண்டுகோள், அடிக்காமல் கேளுங்கள். பயத்தில் மறைக்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்கில் இன்னொருவரின் பணம் வந்து போகும்.

தெரிந்த அன்றே வங்கிக் கிளைக்குப் போய், அட்டையையும் இணைய வங்கியையும் நிறுத்தி, கைப்பேசி எண்ணை மாற்றச் சொல்லி எழுத்தில் கடிதம் கொடுங்கள். நகலில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஏதேனும் விசாரணை வந்தால், நாமாகவே முன்வந்து சொன்ன நாள் எது என்பதற்கு அந்த நகல்தான் சான்று. சிம்மைக் கொடுத்திருந்தால் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கி, பழையதைச் செயலிழக்கச் செய்யுங்கள். கணக்கில் தெரியாத பணம் இருந்தால் தொடாதீர்கள். தவறி வந்துவிட்டது, திருப்பி அனுப்புங்கள் என்று யாராவது கூப்பிட்டால் அவர்கள் சொல்லும் எண்ணுக்கு அனுப்பாதீர்கள். எதுவானாலும் வங்கி வழியாகத்தான்.

மாவட்டச் சைபர் குற்றப்பிரிவுக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள், 1930க்கும் சொல்லலாம். கணக்கு கேட்டவனோடு பேசிய வாட்ஸ்அப், டெலிகிராம் உரையாடல்களைப் பயத்தில் அழித்துவிடுவது பிள்ளைகளின் வழக்கம். அழிக்க விடாதீர்கள். பிள்ளை ஏமாற்றப்பட்டது என்பதைக் காட்ட அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

கணக்கு முடங்கியிருந்தால், எந்த ஊர்க் காவல் நிலையத்தின் கோரிக்கையின் பேரில் முடக்கினார்கள், புகார் எண் என்ன என்று வங்கி மேலாளரிடம் எழுதிக் கேளுங்கள். வெளி மாநிலக் காவல்துறையிடமிருந்து 35(3) பிரிவின் கீழ் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் வந்தால், வாங்காமல் திருப்பி அனுப்புவதோ பதில் சொல்லாமல் இருப்பதோ காரியத்தைக் கெடுக்கும். அது உண்மையான நோட்டீஸ்தானா என்று நம் ஊர்க் காவல் நிலையத்தில் காட்டி உறுதிசெய்துகொண்டு, வழக்கறிஞர் மூலம் பதில் கொடுங்கள். வழக்கறிஞருக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணில் கேட்டால், தகுதியுள்ளவர்களுக்கு இலவச உதவி கிடைக்கும்.

மனு எழுதத் தெரியாதவர்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் அலுவலகத்துக்கு வரலாம், எழுதிக் கொடுக்கிறோம். பாஸ்புக்கையும், வங்கியில் முத்திரை வாங்கிய நகலையும் எடுத்து வாருங்கள். பிள்ளையையும் கூடவே அழைத்து வாருங்கள். யார் கேட்டார், என்று கொடுத்தார், என்ன சொல்லி வாங்கினார் என்பதை அவர் வாயால் கேட்டால்தான் சரியாக எழுத முடியும்.